100 சி.சி.யா, 350 சி.சி.யா? பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள் வாங்க ஆலோசனை தேவை

பாலக்கோட்டு வாத்தியார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் இருந்து தருமபுரிக்கு அன்றாடம் பணிக்குச் சென்று வருபவன் நான். இதுவரை ஓட்டிய ஸ்கூட்டர் இனி வீட்டுப் பயன்பாட்டுக்குப் போய்விடும் என்பதால், கல்லூரி நாள்களில் இருந்து மனத்தில் கிடக்கும் ஆசையை நிறைவேற்றிக்கொள்ளும் விதமாக, எனக்கென ஒரு பழைய ஜப்பானிய வண்டியை வாங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

மூன்று வண்டிகள் விலைக்கு வந்துள்ளன. முதலாவது, மாரண்டஅள்ளியில் உள்ள 1994ஆம் ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ். 100. பார்வைக்கு மிக நன்றாக இருக்கிறது. விலையும் அதற்கேற்ப ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. இரண்டாவது, காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாக ஓட்டப்படாமல் நிற்கும் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. உரிமையாளர் காலமாகிவிட்டார், மகன் மிகக் குறைந்த விலை சொல்கிறார். மூன்றாவது, பெங்களூரில் உறவினரின் நண்பரிடம் இருக்கும் ராஜ்தூத் 350. இது கர்நாடகப் பதிவு எண் கொண்டது, விலை மற்ற இரண்டையும் சேர்த்தாலும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த இரட்டைச் சைலன்சரின் ஓசையைக் கேட்ட பிறகு தூக்கம் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாதம் ஒருமுறையாவது மனைவியுடன் தொப்பூர் வழியாகச் சேலம் சென்று திரும்ப வேண்டியிருக்கும். பிளக் கழற்றிச் சுத்தம் செய்வது, சங்கிலி இறுக்குவது ஆகியவை தெரியும். எஞ்சின் பிரிக்கத் தெரியாது. எந்த அளவு வண்டி எனக்குப் பொருந்தும், வாங்கும்முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓசூர் டூல்ரூம் எழுதியது:

வணக்கம், வாத்தியாரே. எத்தனை சி.சி. வாங்குவது என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, வண்டி சாலையோரத்தில் நின்றுவிட்டால் அன்று மாலைக்குள் அதை ஓட வைக்கும் பொருளும் ஆளும் தருமபுரியில் கிடைக்குமா என்ற கேள்வியில் இருந்து தொடங்குங்கள். அன்றாடம் வேலைக்குப் போகும் வண்டிக்கு முதல் தகுதி அதுதான்.

அந்தக் கணக்கில் சி.டி. 100க்கு நிகர் எதுவும் இல்லை. 1985இல் வந்த அதன் 97.2 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் வழிவந்ததுதான் பின்னாளில் ஸ்பிளெண்டரில் ஓடிய எஞ்சினும் என்பதால், ரிங், வால்வு, டைமிங் சங்கிலி, கிளட்ச் பிளேட் என்று எதைக் கேட்டாலும் அரூர் கடைத்தெருவில்கூட எடுத்துக் கொடுப்பார்கள். டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையிலான சந்து) எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.05 மில்லிமீட்டரில் வைப்பதும், ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதும், ஆயில் சல்லடையை அவ்வப்போது கழுவுவதும் தவிர அது உங்களிடம் பெரிதாக எதையும் கேட்காது. லிட்டருக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கலாம். குறை என்னவென்றால், சேலத்தில் இருந்து திரும்பும்போது இருவரைச் சுமந்துகொண்டு தொப்பூர் மேட்டில் அது மூன்றாம் கியரில் மூச்சுவாங்கும்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டியான ஆர்.எக்ஸ். 100 அதே மேட்டில் சிரித்துக்கொண்டு ஏறும். 50 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 98 சி.சி., 11 குதிரைத்திறன். எடையோ நூறு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். 1985இல் தொடங்கி 1996இல் உற்பத்தி நின்றுபோன வண்டி என்றாலும், விரும்பிகள் அதிகம் என்பதால் உதிரிபாகம் கிடைக்கிறது. கிடைப்பதில் போலி எவ்வளவு என்பதுதான் கேள்வி. பெயர்பெற்ற பெட்டியில் மட்டமான பிஸ்டனை வைத்து விற்பது எங்கும் நடக்கிறது.

ஆர்.எக்ஸ். பார்க்கப் போனால் மெருகையும் ஸ்டிக்கரையும் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று செய்திகளைக் கேட்டு வாங்குங்கள். முதலில், இப்போது போரில் இருக்கும் பிஸ்டன் எந்த அளவு? ஒவ்வொரு முறை போர் போடும்போதும், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும்போதும், 0.25 மில்லிமீட்டர் கூடும், 0.25, 0.50, 0.75, 1.00 என்று போய் நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட எஞ்சினுக்கு அடுத்த முறை புது ஸ்லீவ் (சிலிண்டரின் உட்குழாய்) இறக்க வேண்டியிருக்கும் என்பதால் விலையில் அதைக் கழித்துப் பேச வேண்டும்.

இரண்டாவது, கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஆயில் சீல்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் போய்த்தான் மேலே வருகிறது. ஆகவே அந்த அறைக்குக் காற்று புகாத காப்பு இருந்தாக வேண்டும். இடப்பக்கம், அதாவது மேக்னட் பக்கத்துச் சீல் தேய்ந்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையை நீர்க்கச் செய்யும். ஆக்சிலரேட்டரை மூடிய பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நிற்பது அதன் அடையாளம். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சூடேறிச் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். வலப்பக்கம், கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு எரியும். சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயிலின் அளவும் குறைந்துகொண்டே போகும். விற்பவர்கள் புகைக்கு 2டி ஆயில் (பெட்ரோலோடு சேர்ந்து எரியும் இரண்டு ஸ்ட்ரோக் ஆயில்) கூடிவிட்டது என்று காரணம் சொல்வார்கள். கியர் ஆயிலைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

மூன்றாவது, சைலன்சருக்குள் இருக்க வேண்டிய குழாய் இருக்கிறதா? சத்தத்துக்காக அதை உருவி எறிந்திருப்பார்கள். கம்பெனி கணக்கிட்டு வைத்த பின்னழுத்தம் போய்விடுவதால் கீழ்வேகத்தில் இழுவை குறையும், கலவைக் கணக்கும் கெடும். கரி படிந்திருப்பது குற்றமில்லை. கழற்றிச் சுட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும்.

பென்னாகரத்தான் எழுதியது:

எஞ்சினைப் பற்றி மேலே அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆவணங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பழைய வண்டியில் பணம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

1994இல் பதிவான வண்டி என்றால் 15 ஆண்டு முடிந்து 2009இலும், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 2014, 2019, 2024 ஆண்டுகளிலும் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். மாரண்டஅள்ளிக்காரரிடம் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) வாங்கி, அது எந்த நாள்வரை செல்லும் என்பதை முதலில் பாருங்கள். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பசுமை வரி, தாமதக் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில் விழும். 2022 ஏப்ரலில் இருசக்கர வாகனப் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயில் இருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைக் கடந்த இருசக்கர வாகனங்களுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பு அதை 2000 ரூபாய் ஆக்கியிருக்கிறது.

காவேரிப்பட்டணத்து வண்டியை மகன் கையெழுத்துப் போட்டு நேரடியாக உங்களுக்கு விற்க முடியாது. உரிமையாளர் இறந்துவிட்டதால், வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31 கொடுத்து முதலில் மகன் பெயருக்கு மாற்றி, அதற்குப் பிறகு படிவம் 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு வர வேண்டும். மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். இதை முடித்துத் தருவது விற்பவரின் பொறுப்பு என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

பெங்களூர் வண்டிக்குப் படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஓசூர் எல்லைக்கு இப்பால் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் பெற்றே ஆக வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதோடு ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்துப்போகின்றனவா என்பதை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எண் குத்திய இடத்தில் ராவிய தடமோ புதுப் பெயின்ட்டோ தெரிந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. விண்டேஜ் வண்டி என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி முதற்பதிவில் இருந்து 50 ஆண்டைக் கடந்து, அசல் வடிவம் கெடாமல் இருப்பதுதான் விண்டேஜ். முதல் ஆர்.எக்ஸ். 100க்கே 2035 வரை அந்தத் தகுதி வராது. அப்படிப் பதிவு செய்தாலும் அந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை என்பதால், உங்கள் தேவைக்கு அந்தப் பேச்சே பொருந்தாது.

கிருஷ்ணகிரி 350 எழுதியது:

ராஜ்தூத் 350 வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்த வண்டியை வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரே வண்டியாக இதை வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

யமஹாவின் ஆர்.டி. 350பி.யை அடிப்படையாகக் கொண்டு 1983 முதல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே தயாரித்த வண்டி இது. 347 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஆறு கியர். ஹை டார்க் (டார்க் என்றால் முறுக்குவிசை) என்று அழைக்கப்படும் முந்தைய வகை 30.5 குதிரைத்திறன், பிந்தைய லோ டார்க் வகை 27. அன்றைய இந்தியச் சாலையில் அது எவ்வளவு அதிகம் என்பதை இன்றைய 350களை ஓட்டிப் பழகியவர்கள் உணர்வது கடினம். பெட்ரோல் லிட்டருக்கு 20 முதல் 25 கிலோமீட்டர்தான். இரண்டு கார்புரேட்டர், இரண்டு கான்டாக்ட் பாயிண்ட் (பிளக்கில் தீப்பொறி வரும் நேரத்தை முடிவு செய்யும் பாகம்) என்பதால் டியூனிங்கில் எல்லாம் இரட்டை வேலை. ஒரு சிலிண்டர் மற்றொன்றை இழுத்துக்கொண்டு ஓடும் வண்டியை நன்றாக இருக்கிறது என்று விற்றுவிடுவார்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பிஸ்கட் பழுப்பில் இருக்க வேண்டும். ஒன்று வெளுத்தும் மற்றொன்று கறுத்தும் இருந்தால், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். உலகெங்கும் ஆர்.டி. விரும்பிகள் இருப்பதால் உதிரிபாகம் வெளிநாட்டில் இருந்துகூட வரும்; ஆனால் வரும்வரை நீங்கள் பேருந்தில்தான் பாலக்கோட்டில் இருந்து போக வேண்டும்.

நான் வலியுறுத்த விரும்புவது தொப்பூரைத்தான். தருமபுரியில் இருந்து சேலம் போகும்போது அது இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகள் எவ்வளவு உயிரைப் பறித்திருக்கின்றன என்பது நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு அந்த இறக்கத்தில் இரண்டு கேடுகள் உண்டு. நான்கு ஸ்ட்ரோக்கைப் போல எஞ்சின் பிடித்து நிறுத்தாது என்பதால் சுமை முழுவதும் டிரம் பிரேக்கின் மேல் விழுகிறது. டிரம் சூடேறினால் பிடி தளரும். ராஜ்தூத்தின் முன்சக்கரத்தில் இரண்டு ஷூவும் (டிரம்மின் உட்சுவரை அழுத்தும் பிரேக் கட்டைகள்) தனித்தனி கேமில் (கட்டையைத் தள்ளி விரிக்கும் பாகம்) இயங்கும் டிரம் இருக்கிறது. அவற்றை இணைக்கும் கம்பியைச் சரியான நீளத்தில் வைத்து, இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடும்படி செய்யாவிட்டால் பாதிப் பிரேக்தான் கிடைக்கும். ஓட்டிப் பார்க்கும்போது இதை யாரும் சோதிப்பதில்லை.

மற்றொரு கேடு மெல்ல வருவது. ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரில் இறங்கினால் சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்றும். ஆனால் கலவை வழி மூடியிருப்பதால் பிஸ்டனுக்குப் போதிய ஆயில் போகாது. ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஓட்டும் வண்டியில் இது இன்னும் மோசம். எனவே நீண்ட இறக்கத்தில் சிறிது நேரத்துக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகி, பிஸ்டனுக்கு ஆயில் போகும்படி செய்ய வேண்டும். இது ஆர்.எக்ஸ்.க்கும் பொருந்தும்.

பாலக்கோட்டு வாத்தியார் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ராஜ்தூத் ஆசையை இப்போதைக்கு மூட்டைகட்டி வைத்துவிட்டேன். ஆர்.எக்ஸ்., சி.டி. ஆகிய இரண்டுக்குள் முடிவு செய்கிறேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. மாரண்டஅள்ளி வண்டியில் ஆயில் பம்ப் அடைக்கப்பட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிறார்கள், இது குறையா? இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த வண்டிகள் தாங்குமா?

கிருஷ்ணகிரி 350 எழுதியது:

பம்பை அடைத்திருப்பது குறை அல்ல என்பது என் கருத்து. முப்பது ஆண்டுப் பம்ப் என்றைக்கு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நிற்கும்போது அது சொல்லிவிட்டு நிற்பதும் இல்லை. கலந்து ஊற்றினால் ஆயில் போகிறதா என்ற கவலை இன்றி ஓட்டலாம்.

ஓசூர் டூல்ரூம் எழுதியது:

நண்பரின் கருத்தோடு நான் உடன்பட மாட்டேன். யமஹாவின் ஆட்டோலூப் பம்ப் எஞ்சின் வேகத்தையும் ஆக்சிலரேட்டர் திறப்பையும் ஒட்டி ஆயிலைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. கலவையில் அந்த அறிவு இல்லை. 50க்கு ஒன்று என்று லிட்டருக்கு 20 மில்லி ஊற்றினால் மேட்டில் போதாது. 25க்கு ஒன்று என்று 40 மில்லி ஊற்றினால் தருமபுரி பேருந்து நிலைய நெரிசலில் பிளக் கறுக்கும். பம்பிற்குப் போகும் குழாயைத் தெளிவாகத் தெரியும் ரகத்தில் மாற்றி, காற்றுக்குமிழி இல்லாமல் வடித்து, கேபிள் குறியைச் சரியாக வைத்துவிட்டால் அது பல ஆண்டு உழைக்கும். ஆனாலும் ஏற்கெனவே அடைத்த வண்டியில் உடனே பம்பைத் திறந்துவிடாதீர்கள். நெடுநாள் ஓடாத பம்பின் சீல்கள் காய்ந்திருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கும்வரை கலவையிலேயே ஓட்டுவதுதான் பாதுகாப்பு. விலை பேசும்போது மட்டும் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனால் விஷயத்தில் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகவே 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை, ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) மாற்றாமல் ஊற்றினால், எஞ்சினுக்கு அது நீர்த்த கலவையாகவே படும். சி.டி. 100இல் சற்றுத் தடுமாற்றம் தெரியும், அவ்வளவுதான். ஆர்.எக்ஸ்.இல் நீர்த்த கலவை என்றால் சூடு, சூடு என்றால் சீஸ். பிளக் வெளுத்துத் தெரிந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கச் சொல்லுங்கள். அதோடு பெட்ரோல் டேப்பின் ரப்பர், ஃப்ளோட் சேம்பர் கேஸ்கெட், குழாய் ஆகியவை பழையன என்றால் ஊறிப் பெருத்துவிடும். முதல் நாளே மாற்றிவிடுங்கள், செலவு பெரிதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; மழைக்காலத்தில் பாதி டேங்கோடு வாரக்கணக்கில் நிறுத்தினால் தண்ணீர் அடியில் தங்கி, டேங்கின் அடித்தையலில் துரு பிடிக்கும். நீண்ட விடுமுறையில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி, டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ளதை வடித்துவிடுங்கள்.

நம் பக்கத்துத் தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவாரி லாரிகள் போகும் சாலையில் பறப்பது வெறும் மண் அல்ல, கிரானைட் பொடி. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்து, ஆயிலில் நனைத்துப் பிழிந்துதான் மாட்ட வேண்டும். ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓட்டும் பிள்ளைகளின் ஆர்.எக்ஸ். எஞ்சினை லேத் பட்டறையில் பிரித்தால் போரில் விரல்நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருக்கும்.

என் முடிவைக் கேட்டால், சி.டி. 100 என்பேன். பல ஆண்டு நின்ற வண்டி என்பதால் பார்த்தவுடன் கிக் அடித்துவிட வேண்டாம். பிளக்கைக் கழற்றி, துளை வழியாகச் சில சொட்டு ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, பிறகு பிளக் இல்லாமலே கையால் கிக்கரை மெல்ல அழுத்திச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். டேங்கிற்குள் டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2000க்கு முந்தைய டயரில் மூன்று இலக்கமே இருக்கும். அப்படி இருந்தால் அதில் காற்றடித்து ஓட்டிப் பார்க்கக்கூட நினைக்காதீர்கள். வாரிசுச் சான்றிதழ் வேலை முடிந்து, நீங்கள் வண்டியைப் பார்க்கப் போகும் நாளைச் சொன்னால் ஓசூரில் இருந்து நானும் வருகிறேன். டேப்பட் கேஜும் கம்ப்ரஷன் கேஜும் என்னிடம் இருக்கின்றன. மாரண்டஅள்ளிக்காரருக்கு அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.